நாற்பதுக்கு முப்பதுக்கு இருபது

எங்கள் லைனில் விமானப் பயணம் பற்றித் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை என்பது, என் மனைவி சுலோச்சனாவுக்கு டெல்லி டிக்கெட் வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. லைன் என்றால் சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டிவிட்ட வீட்டு வரிசை. முப்பது வீடு, ஒட்டி ஒட்டி. ஒருவர் தும்மினால் நாலு வீடு தள்ளி இருக்கிறவர் எந்த மாத்திரை என்று சொல்லிவிடுவார். இந்த முப்பது வீட்டிலும் விமானத்தில் ஏறியவர் ஒரே ஒருவர்தான். அவரும் ஒரே ஒரு தடவை, கோயம்புத்தூருக்கு. ஆலோசனை சொல்ல வந்தவர்கள் மட்டும் பதினேழு பேர்.

ஜன்னல் சீட்டில் உட்காராதே, காது அடைக்கும் என்றார் ஒருவர். ஜன்னல் சீட்டில்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி வரும் என்றார் அவர் மனைவி. இருவரும் விமானத்தைத் தரையிலிருந்து கழுத்தை நிமிர்த்திப் பார்த்தவர்கள்.

சுலோச்சனா இதில் எதையும் காதில் வாங்கவில்லை. அவள் டிக்கெட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு பை. நாற்பது சென்டிமீட்டர் உயரம், முப்பது அகலம், இருபது கனம். முன் சீட்டுக்கு அடியில் போக வேண்டும். ஏறுகிற வாசலில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். பை அதற்குள் இறங்காவிட்டால், பிடுங்கி விமானத்தின் வயிற்றுக்குள் போட்டுவிடுவார்கள்.

"வயித்துக்குள்ள போனா இன்னா? அங்கயும் டெல்லிக்குத்தான போவுது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் கேட்ட முட்டாள்தனமான கேள்விகளின் வரிசையில் இதற்கு ஓர் இடம் கிடைத்தது தெரிந்தது.

விஷயம் இதுதான். சுலோச்சனா பெங்களூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்குக்கு இன்சார்ஜ். இருபத்திரண்டு வருடமாகக் கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருகிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் டெல்லியில் இருக்கும் வாங்குகிற கம்பெனி, சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. காலரில் கொப்புளம். சட்டைக் காலருக்குள் விறைப்புக்காக ஒரு துணி வைத்துச் சூட்டில் ஒட்டுவார்கள். அது சரியாக ஒட்டாவிட்டால் துணி அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும். ஏன் ஒட்டவில்லை என்று கண்டுபிடிக்க மூன்று இன்ஜினியர்கள் வந்தார்கள். கணினியில் கோடு கோடாக ஏதோ வரைந்து, தப்பு துணியில்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிஷினில் காட்டுகிற சூடு ஒன்று, உள்ளே இருக்கிற சூடு வேறு என்று சொன்னது சுலோச்சனா. சூடு பட்டால் நிறம் மாறுகிற காகிதத்தை மிஷினுக்குள் ஓடவிட்டுக் காட்டினாள். இடது பக்கம் நிறம் மாறவேயில்லை. இன்ஜினியர்கள் அந்தக் காகிதத்தின் மேல் சந்தேகப்பட்டார்கள்.

மிஷினைச் சரிசெய்து புதிதாக நான்கு சட்டை தைத்தார்கள். கூரியரில் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது காலர் நசுங்கி, எது கொப்புளம் எது மடிப்பு என்று யாருக்கும் புரியாத நிலை. வாங்குகிறவர்கள் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இன்னும் நான்கு சட்டை, கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும், கண்டுபிடித்தவரே வர வேண்டும், வியாழக்கிழமை மாலை நாலு மணி. காலர் சரியில்லை என்றால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். ஃபேக்டரியில் சுலோச்சனாவின் தையல் லைனில் அறுபது பெண்கள். அதில் பதினாலு பேர் எங்கள் ரயில்.

ஆக, பை சட்டத்துக்குள் இறங்க வேண்டும். உள்ளே நான்கு காலர் நசுங்காமல் இருக்க வேண்டும். இது இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் என்பதை எண்ணிப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ராகுலன், 'விமானத்துக்கு ஏற்ற தலைசிறந்த பத்துப் பைகள்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைக்காரன் மலை உச்சியில் பையோடு நின்று தொலைதூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் பையில இன்னாதான்டா வெச்சிகீறான்?" என்று போனில் கேட்டாள் சுலோச்சனா.

"அது சும்மா மாடலும்மா. ஃபோட்டோவுக்கு."

"அப்போ காலிப் பை. காலிப் பைய யார் வேணா தூக்கினு மலை ஏறலாம்."

இந்த இடத்தில்தான் வால்டர் உள்ளே வந்தார்.

வால்டர் அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. கோயம்புத்தூருக்குப் பறந்தவர் அவர்தான். அதைவிடப் பெரிய தகுதி ஒன்று அவருக்கு உண்டு. சுரங்கத்தில் வாட்ச் அண்ட் வார்டு பிரிவில் இருந்தவர். ஷிஃப்ட் முடிந்து பாதாளத்திலிருந்து மேலே வருகிற தொழிலாளியின் பையையும் டிபன் கேரியரையும் கேட்டில் சோதிப்பது அவர் வேலை. தங்கத்தை யாரும் சாம்பாரில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது அல்லவா. பதினேழு வருட சர்வீஸில் தொண்ணூறாயிரம் பை சோதித்ததாகச் சொல்வார். போன வருடம் எண்பதாயிரமாக இருந்தது. தங்கம் அகப்பட்டதா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு மேஸ்திரியின் பல்செட்டை ஒரு தடவை பிடித்திருக்கிறார் என்று கேள்வி. சுரங்கத்தை மூடி இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. வால்டரை இன்னும் யாரும் மூடவில்லை.

"இன்னாம்மா சுலோச்சனா, பை வாங்கப் போறியாமே? என்ன வுட்டுட்டா?" என்றார் வாசலிலேயே.

"வாங்கண்ணா. உங்களத்தான் கூப்டலாம்னு இருந்தேன்."

இது பொய் என்று நினைத்தேன். இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மூவரும் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் மஞ்சுநாத்தின் பைக்கடைக்குப் போனோம். போகும்போது நான் ஒரு அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு போனேன். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பதால் அட்டைப்பெட்டிக்கு எனக்குக் குறைவில்லை. குளுக்கோஸ் பாட்டில் வந்த பெட்டியை நாற்பதுக்கு முப்பதுக்கு இருபது என்று அளந்து வெட்டி, ஒட்டி, விமான நிலையச் சட்டம் தயார் என்று பெருமையாகக் காட்டியிருந்தேன். சுலோச்சனா டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு, எல்லாப் பக்கமும் ஒரு சென்டி குறைக்கச் சொன்னாள்.

"ஏன்? அவங்க நாப்பதுன்னு போட்டுகீறாங்களே?"

"இது அட்ட. அமுக்குனா வழி வுடும். அங்க இருக்கறது இரும்பு. அது யாருக்கும் வழி வுடாது."

குறைத்துக் கொடுத்தேன். அதோடு அவள் என்னுடைய நான்கு சட்டைகளை, கடையில் மடித்து விற்கிற மாதிரியே மடித்து, துணிப்பையில் எடுத்து வந்திருந்தாள். பை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் காலிப் பையைத் தூக்கிப் பார்த்து, முதுகில் மாட்டிக் கண்ணாடியில் திரும்பி நிற்பார்கள். நானும் அப்படித்தான் வாங்குவேன். வீட்டுக்கு வந்து சாமானை நிரப்பிய பிறகு அது கர்ப்பிணி மாதிரி ஆகிவிடும்.

மஞ்சுநாத் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையில் வரவேற்றார். "வாங்க வாங்க, பன்னி, ரண்டி. ஏர்போர்ட்டா மேடம்? இது நோடி, இன்டர்நேஷனல் மாடல். பதினெட்டு பாக்கெட். முதுகுப் பக்கம் ரகசிய ஜிப்பு. திருடனுக்கே தெரியாது."

வால்டர் அண்ணனின் முகம் மாறியது. பையை இரண்டு விரலால் எடுத்து, எலியைப் பிடித்த மாதிரி தள்ளிப் பிடித்தார்.

"ரகசிய ஜிப்பா? இந்தப் பைய வெச்சினு எங்க கேட்டுல வந்து நின்னிருந்தா அன்னிக்கே சஸ்பெண்டு. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவனுக்கு ரகசிய ஜிப்பு எதுக்கு?"

"சார், இது ஃபேஷன் சார்."

"ஃபேஷன்! எட்டாவது லெவல்ல ஒருத்தன் டிபன் கேரியருக்கு ரெண்டு அடி வெச்சினு வந்தான். அதுவும் ஃபேஷனா?"

"அதுல தங்கம் இருந்துச்சா அண்ணா?" என்றேன்.

"ஊறுகா இருந்துச்சு. அது இப்போ முக்கியமா?"

சுலோச்சனா அதற்குள் அந்தப் பதினெட்டு பாக்கெட் பைக்குள் நான்கு சட்டையை வைத்துப் பார்த்துவிட்டாள். பாக்கெட்டுகளே பாதி இடத்தைத் தின்றுவிட்டிருந்தன. காலர் கூன் போட்டு நின்றது. அடுத்தது வழவழவென்று மின்னுகிற ஒரு பை. அட்டைப்பெட்டிக்குள் அழகாக இறங்கியது. ஆனால் மேல்வாய் மட்டுந்தான் திறந்தது. கிணற்றுக்குள் விடுகிற மாதிரி சட்டையை விட வேண்டும். மூன்றாவதுக்கு அடியில் சக்கரம். "சக்கரமும் கணக்குலதான் வரும்," என்று ஒதுக்கிவிட்டாள். நாலாவதின் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணினாள். அஞ்சு. "இது பங்காருபேட்ட வரைக்கும் கூட தாங்காது," என்று திரும்ப வைத்தாள். மஞ்சுநாத்துக்கு வியர்த்தது. அவருடைய கடையில் இதுவரை யாரும் பையின் குடலை வெளியே எடுத்துப் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் பதினோரு பை. பன்னிரண்டாவது, மேல் தட்டில் தூசியோடு கிடந்தது. சாம்பல் நிறம். அழகு என்று சொல்ல எதுவுமில்லை. மருந்துக் கம்பெனி ரெப்புகள் முதுகில் மாட்டிக்கொண்டு வருவார்களே, அந்த ஜாதி. நான் தினமும் நாலு பார்க்கிறேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

சுலோச்சனா நின்று பார்த்தாள். ஜிப் மூன்று பக்கமும் போனது; புத்தகம் மாதிரி முழுசாகத் திறந்து படுத்தது. அடியில் கெட்டி அட்டை. முதுகுப் பக்கம் தட்டை. உள்ளே தடுப்பு எதுவுமில்லை. என் சட்டைகள் நான்கும் காலர் மாற்றி மாற்றி வைத்ததும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. மூடி, அட்டைப்பெட்டிக்குள் விட்டாள். பக்கவாட்டில் வெளியே துருத்திக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டில் பை மட்டும் தடுத்தது.

"இத பிரிச்சுடலாம்," என்றாள்.

"மேடம், பிரிச்சா ரிட்டன் எடுக்க மாட்டேன்."

"ரிட்டன் குடுக்கறவ ஒரு மணி நேரம் பாப்பாளா மஞ்சுநாத்?"

வால்டர் அண்ணன் தன் பங்குக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே. பையின் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். "உள்துணி வெளிர் கலரு. இது நல்ல பை. கறுப்புப் பைக்கு உள்ள கறுப்புத் துணி போட்டா, தேடறவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதப்போ கைய வுட்டுத் துழாவுவான்."

சுலோச்சனா ஜிப்பை மூடப்போனவள் நின்றுவிட்டாள். "இன்னாண்ணா சொன்னீங்க?"

"தெரியலன்னா துழாவுவான்னேன். நானும் அப்படித்தான்."

அவள் வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள். சட்டத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, அதற்கு முன்னால் ஒரு கை இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. பையை மிஷினில் விட்டு, சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கிற கை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்த வால்டர் அண்ணனை அவளே கூப்பிட்டனுப்பினாள். கூடத்தில் மேஜை போட்டு அதன் மேல் பை.

"அண்ணா, இத சோதனை போடுங்க. கேட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே."

வால்டர் அண்ணன் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார். தொண்டையைக் கனைத்தார். நாற்காலியை விலக்கிவிட்டு, கால்களை அகட்டி நின்றார். "நெக்ஸ்ட்!" என்று ஒரு சத்தம் போட்டார். மூன்றாம் வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

அவர் கை சாதாரணக் கை இல்லை. ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்து, நேராக அடி வரைக்கும் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். பன்னிரண்டு விநாடி. "கிளியர்!" என்றார்.

சுலோச்சனா மேல் சட்டையை எடுத்துக் காட்டினாள். காலர் நடுவில் ஒடிந்து, காது மடங்கின முயல் மாதிரி இருந்தது.

"இது இன்னாண்ணா?"

"காலரு."

"ஃப்ளைட்டே ஏறாம டெல்லியிலேருந்து ரிட்டன் வந்த காலரு."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ணுவேன்? தேடுன்னா தேடணும். கவர்மென்ட் கை அது."

"உங்க மேல தப்பு இல்லண்ணா. நாலு மணிக்கு மறுபடியும் வாங்க."

நாலு மணிக்கு வந்தார். இந்தத் தடவை சட்டைகளுக்கு இடையில் துண்டு வைத்திருந்தாள். துண்டைப் பார்த்ததும் வால்டர் அண்ணனின் கண் மின்னியது. "துண்டு எதுக்கு? எதையோ மறைக்கற!" என்று நான்கு துண்டையும் உருவி எடுத்தார். சட்டைகள் கசாப்புக் கடை மாதிரி கிடந்தன.

ஆறு மணிக்கு மூன்றாவது சோதனை. சட்டைகளை அட்டை டப்பாவில் வைத்திருந்தாள். டப்பாவைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் குலுக்கினார், கவிழ்த்தார். அதுவும் போச்சு.

நான் நடுவில், "இவரு மாதிரி அங்க யாரும் தேட மாட்டாங்க சுலோ. மிஷின்ல பாத்துட்டு அனுப்பிடுவாங்க," என்றேன்.

"இவரு கைக்குத் தப்பிச்சா எந்தக் கைக்கும் தப்பிக்கும்," என்றாள். அப்போதுதான் புரிந்தது, முதல் நாள் அவள் பொய் சொல்லவில்லை என்று. எங்கள் தெருவே வால்டர் அண்ணனின் தொண்ணூறாயிரம் பையைக் கேட்டுச் சிரித்திருக்கிறது. நான் அதிகமாகவே சிரித்திருக்கிறேன். அவளும் சிரித்தவள்தான். ஆனால் சிரித்துவிட்டு, இந்த மனுஷனால் என்ன வேலை ஆகும் என்று யோசித்தவள் அவள் ஒருத்தி.

நாலாவது சோதனை திங்கட்கிழமை மாலை. வால்டர் அண்ணன் ஜிப்பைத் திறந்தார். கை பாதியில் நின்றது.

ஒவ்வொரு சட்டையும் கண்ணாடி மாதிரி தெரிகிற கவரில். காலருக்குள் வளையமாக ஒரு வெளிர் பிளாஸ்டிக் பட்டை. அதுவும் உள்ளே பார்க்க முடிகிற மாதிரிதான். நான்கும், ஒளி ஊடுருவுகிற ஃபைல் அட்டைகள் இரண்டுக்கு நடுவில், காலர் மாற்றி மாற்றி. அட்டையின் ஓரத்தில் ஒரு வெள்ளை ரிப்பன். அதைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் தட்டு மாதிரி எழும்பியது. அடியில் பையின் வெளிர் துணி, அதில் ஒரு சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, ஓர் ஆதார் கார்டு. அவ்வளவுதான்.

வால்டர் அண்ணன் ரிப்பனைப் பிடித்துத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். கையை விட ஓர் இடமும் இல்லை; பார்க்க எல்லாம் இருந்தது.

"இதுல இன்னாத்த தேடறது?" என்றார், நியாயமான வருத்தத்தோடு.

"அதாண்ணா," என்றாள் சுலோச்சனா.

பதினேழு வருட சர்வீஸில் அப்படி ஒரு பையை அவர் பார்த்ததில்லை என்று பிறகு பதினேழு வீட்டில் சொன்னார். எண்ணிக்கை கூடினாலும், இந்த விஷயத்தில் நான் அவரை நம்புகிறேன். பைக்கு மறுபக்கவாட்டில் இருந்த ஜிப் போட்ட சின்ன அறையையும் தடவிப் பார்த்துவிட்டு, "கிளியர்!" என்று உரக்கச் சொன்னார். நானும் பார்த்தேன். சுலோச்சனாவும் பார்த்தாள். மூன்று பேருமே பார்த்தோம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை வழக்கமான ரயிலிலேயே கிளம்பினோம். விமானம் பதினோரு மணிக்குத்தான். விமான நிலையம் வரை நானும் துணைக்கு. எங்கள் காலை ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்காருபேட்டை தாண்டினால் கால் வைக்கிற இடத்தில் இன்னொரு கால் இருக்கும். தரையில் பை வைக்க முடியாது. மடியில் வைத்தால் மூன்றாவது ஆள் உட்காருவதற்கு இடமிருக்காது. அதனால் இந்த ரயிலில் போகிற ஒவ்வொருவர் பையிலும் ஒரு கொக்கி இருக்கும். எஸ் மாதிரி வளைத்த இரும்புக் கம்பி. ஒரு முனையை ஜன்னல் கம்பியிலோ மேல் தட்டிலோ மாட்டி, மறு முனையில் பையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். ஒரு பெட்டிக்குள் இருநூறு பை பழம் மாதிரி தொங்கும். சுலோச்சனாவின் கொக்கி வால்டர் அண்ணன் செய்து கொடுத்தது. சுரங்கத்தில் கேஜை இறக்குகிற இரும்புக் கயிற்றிலிருந்து பிரித்த கம்பியாம். கேஜ் என்றால் ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்குகிற கூண்டு. நாற்பது ஆளைத் தாங்கின கம்பி உன் டிபன் பாக்ஸைத் தாங்காதா என்பார்.

புதுப் பையும் அன்றைக்கு அப்படித்தான் தொங்கியது. யாரும் சாயாதபடி, காலர் நசுங்காதபடி. பதினாலு பெண்களும் அதைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஃப்ளோரா என்கிற பெண், சாய வந்த ஒரு தடியனை, "யோவ், அந்தாண்ட போ. அது எங்க சோறு," என்று விரட்டினாள். பெங்களூர் கன்டோன்மென்டில் இறங்கும்போது சுலோச்சனா கொக்கியைக் கழற்றி, பக்கவாட்டு அறையில் போட்டாள். அதன் இடம் அது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. புதுப் பை வந்ததுமே பழக்கத்தில் அதில் போட்டிருந்தாள்; நாலு சோதனையிலும் அது அதே அறையில்தான் கிடந்தது. தொண்ணூறாயிரம் பை பார்த்த கைக்கும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருக்கும், ஆனால் சாமானாகத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் கொக்கி பையில் இருக்கிற பொருள் இல்லை. ஜிப் மாதிரி, வார் மாதிரி, அது பைதான்.

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுவிட்டேன். இதற்குமேல் நடந்தது அவள் சொல்லிக் கேட்டது. அவள் சொல்லும் விதம் செக்கிங் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். சுவையெல்லாம் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பை மிஷினுக்குள் போனது. மிஷின் நின்றது. திரையைப் பார்த்த ஆள் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் பார்த்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண், பையை எடுத்துத் தனியாக மேஜையில் வைத்து, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே கம்பி மாதிரி ஏதோ இருக்கிறது, என்ன அது என்று இந்தியில் கேட்டாள்.

சுலோச்சனாவுக்கு அந்த நிமிஷம்தான் கொக்கி ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் ஜிப்பைத் திறந்தாள். கை உள்ளே போகத் தயாராக இருந்தது. சுலோச்சனா ஒரு வார்த்தை சொல்லவில்லை; சொன்னால் சந்தேகம் கூடும் என்று வால்டர் அண்ணனிடமிருந்து தெரிந்துகொண்டிருந்தாள். ரிப்பனை மட்டும் காட்டினாள். அந்தப் பெண் ரிப்பனைப் பிடித்துத் தூக்கினாள். சட்டை, காலர், அட்டை, அடியில் சீப்பு, மாத்திரை. எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. கை பாதியில் நின்றது. அப்படியே இறக்கி வைத்துவிட்டு, பக்கவாட்டு அறையைத் திறந்து கொக்கியை எடுத்தாள்.

"யே க்யா ஹை?"

சுலோச்சனாவின் இந்தி நாலு வார்த்தை. ஃபேக்டரியில் வடக்கத்திப் பெண்களிடம் கற்றது. எல்லாம் தையல் சம்பந்தப்பட்டது. அதனால் பேசாமல், கொக்கியை வாங்கி மேஜை விளிம்பில் மாட்டி, மறுமுனையில் தன் பையைத் தொங்கவிட்டுக் காட்டினாள். "ட்ரெயின்," என்றாள். இரண்டு பக்கமும் ஆள் இடிக்கிற மாதிரி தோளை அசைத்துக் காட்டினாள். சீருடைப் பெண் சிரித்துவிட்டாளாம். ஆனாலும் கொக்கியை உள்ளே விட முடியாது, கூர்முனை என்று சொல்லிவிட்டாள். சுலோச்சனா வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஏறுகிற வாசலில் இரும்புச் சட்டம். அவளுக்கு முன்னால் ஒரு கோட்டுப் போட்டவர், மலை உச்சிக்காரன் வைத்திருந்த அதே மாதிரிப் பையோடு. அவருடைய பை பாதி இறங்கி நின்றது. அவர் அமுக்கினார். முழங்காலை வைத்து அழுத்தினார். 'இது விமானப் பயணத்துக்கென்றே செய்தது' என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார். சட்டத்துக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அவர் பை வயிற்றுக்குள் போனது. சுலோச்சனாவின் சாம்பல் நிறப் பை, நாலு பக்கமும் ஒரு சென்டி காற்றோட்டத்தோடு, சத்தமில்லாமல் இறங்கியது.

மாலை நாலு மணிக்கு டெல்லியில் ஒரு நீள மேஜை. முன்னாலேயே வேறு விமானத்தில் போயிருந்த மேனேஜர் சுனில், திரையில் போட்டு விளக்க இருபத்தெட்டுப் படம் தயாரித்து வைத்திருந்தார். ஆறாவது படத்தில், எதிரே இருந்த வாங்குகிற கம்பெனி அம்மாள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, சட்டையைக் கேட்டாராம். ரிப்பனைப் பிடித்துத் தட்டை மேஜையில் வைத்தாள் சுலோச்சனா. அந்த அம்மாள் காலரைக் கட்டைவிரலால் நீவினார். வளைத்தார். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். ஒரு காலரில் தண்ணீர் தெளித்து, அங்கேயே இஸ்திரி போட்டு, மறுபடி நீவினார். நான்கையும். சுனில் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

கடைசியில் அந்த அம்மாள் சுலோச்சனாவிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "இதை எப்படி இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்தீர்கள்?"

"செக் பண்ணிக் கொண்டுவந்தேன்," என்றாளாம்.

ஆர்டர் கைவிட்டுப் போகாமல் நின்றது.

அன்றைக்கு ராத்திரி விமானத்திலேயே திரும்பி, பெங்களூரில் ராகுலனின் அறையில் தங்கிவிட்டு, மறுநாள் வேலைக்கும் போய்விட்டு, வழக்கமான மாலை ரயிலில்தான் வந்து இறங்கினாள். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வால்டர் அண்ணன் வந்து நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். ஆர்டர் செய்தி முதல் நாளே போனில் வந்து, லைன் முழுக்கப் பரவி, அதில் தன் பங்கு என்ன என்பதையும் அவர் பரப்பிவிட்டிருந்தார்.

"இன்னாம்மா, சோதனை போட்டாங்களா? நான் சொன்ன மாதிரியே?"

"போட்டாங்கண்ணா. தனியா எடுத்து வெச்சிப் போட்டாங்க."

"தனியாவா? ஏன்?"

"கொக்கி."

வால்டர் அண்ணனின் வாய் திறந்தபடி நின்றது. அவர் முகத்தில் தொண்ணூறாயிரம் பை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி. இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தேனோ அது கைக்கு வந்துவிட்டது. "அண்ணா, நாலு தடவ கிளியர் குடுத்தீங்களே..." என்று ஆரம்பித்தேன். சுலோச்சனா என் காலை மிதித்தாள்.

"அந்தக் கொக்கி நல்லதாப் போச்சுண்ணா," என்றாள். "நாலு தடவ உங்க கைல அடிபட்ட பை அது. அவங்க தொறந்தாங்க, பாத்தாங்க, காலர் மேல ஒரு விரல் படல. நீங்க மட்டும் மெதுவாத் தேடியிருந்தீங்கன்னா, அன்னிக்கு நான் காலி."

வால்டர் அண்ணன் மெல்ல நிமிர்ந்தார். "அப்போ கொக்கி?"

"அங்கயே கீது. செருப்பு மாட்டினு திரும்பிப் பாத்தேன். அந்தப் பொண்ணு அத மேஜைல மாட்டி, தன்னோட தண்ணி பாட்டில தொங்க வுட்டுனு நின்னுச்சு."

"சோதனை மேஜையிலயா?"

"ஆமாண்ணா."

அவர் தன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "அப்போ டூட்டில கீது," என்றார். அதை நான் கேலி செய்யவில்லை. அதற்கும் சேர்த்து இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வாசலில் புதுக் கொக்கி ஒன்றோடு வந்து நின்றார். முனையை மழுங்க ராவியிருந்தார். சுலோச்சனா அதை வாங்கி, சாம்பல் நிறப் பையின் பக்கவாட்டு அறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அடுத்த மாசம் மறுபடியும் டெல்லின்னு சொன்னியே," என்றேன். "அப்போவாவது இத வூட்லயே வுட்டுட்டுப் போ."

"அப்போ ஏர்போர்ட் வரைக்கும் ட்ரெயின்ல பைய எங்க மாட்றது?" என்றாள் அவள், தெருவில் இறங்கியபடி. "உங்க காதுலயா?"